கட்டினவன் முதலில் ஏறணும்

சாரம் கட்டுகிறவனின் வேலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, வெள்ளையடித்த மறுநாள் மூங்கிலையெல்லாம் அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பார்க்க வருகிறவர்கள் கொத்தனாரைப் பாராட்டுவார்கள், தச்சரைப் பாராட்டுவார்கள், ஜன்னலுக்கு என்ன வர்ணம் என்று முடிவு செய்த வீட்டுக்கார அம்மாவைக்கூடப் பாராட்டுவார்கள். சாரக்காரன் வேலையைச் சரியாகச் செய்தால் ஓர் அடையாளமும் மிஞ்சாது. தப்பாகச் செய்தால்தான் மிஞ்சும்.

நம்முடைய சாரக்காரரை எல்லோரும் நேர்கோட்டார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர், கையெழுத்துப் போடும்போது அவருக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும். தெரு முனையில் எல்லோரும் குறுக்கே புகுந்து போகிற காலி மனையில் இவர் மட்டும் புகமாட்டார். டீக்கடையில் ஆளே இல்லாவிட்டாலும் வரிசையில் நிற்பார் என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிற அதே ஆட்கள், தங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கும்போது இவரைத்தான் தேடி வருவார்கள். ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்கால் மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது.

அவருடைய வேலையில் இரண்டு சட்டங்கள். கட்டின ஒவ்வொரு முடிச்சிலும் கட்டினவன் தன் நிறத் துணியை விரல் நீளத்துக்குச் செருகி விட வேண்டும். அவருடையது நீலம். எந்த முடிச்சு யாருடையது என்று தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். இரண்டாவது, சாரத்தின் ஒரு தட்டை, அதாவது ஆள் நிற்கிற ஓர் அடுக்கை, கட்டினவன்தான் அதில் முதலில் ஏற வேண்டும். ஏறி, நாலு மூலையிலும் குதிகாலால் மிதித்துப் பார்த்து, "வரலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்தவன் கால் வைக்கலாம். தன் முடிச்சை நம்பித் தன் உயிரை வைக்காதவன் பிறத்தியார் உயிரை வைக்கக்கூடாது என்பார்.

வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. மாலையில் விளக்கேற்றியதும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்காருவார்கள். தட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். சொன்னவரை யாரும் திட்டக்கூடாது. அதில் ஒரு கிளைச் சட்டமும் இருந்தது. அன்றைக்கு யாருடைய தப்பு பெரியதோ அவருக்குத்தான் முதல் சோறு. தைரியத்துக்கு மரியாதை என்று விளக்கம் சொல்வார். பால் கொட்டியது, பக்கத்து வீட்டுக்காரியைப் பழித்தது, சில்லறை தவறிக் கூடுதலாக வந்ததைத் திருப்பித் தராமல் வந்தது என்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட தப்புகளையெல்லாம் சேர்த்தால் ஒரு வண்டி தேறும். முதல் சோற்றை அதிகமாக வாங்கியவர், குடும்பத்தோடு இங்கே வந்து சாப்பிட்டுப் போகிற அவர் தங்கையின் கணவர்தான்.

அவரும் சாரக்காரன். நேர்கோட்டாரோடு பதினாறு வருஷம் சேர்ந்து வேலை செய்தவர். நிறம் மஞ்சள். வாய் ஓயாது. ஏறுவதற்கு முன்னால் மூங்கிலை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார், அடைத்த கதவைத் தட்டுகிற மாதிரி. "என்ன மாப்ளே அது?" என்று கேட்டால், "உள்ளே வரலாமான்னு கேக்குறேன் மச்சான், மரியாதை வேணாமா?" என்பார். விளையாட்டுக்காரர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர்தான் செத்த பிறகு அவருக்கு வினையாக வந்தது.

பதினொரு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமைக் காலையில், மூன்றாவது தட்டின் குறுக்கு மூங்கில் நழுவி, பலகையோடு கீழே வந்து விழுந்தார். மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. விசாரிக்க வந்த அதிகாரி அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் புரட்டிப் பார்த்தார். அதில் எந்த நிறத் துணியும் இல்லை. காலையில் வந்து அந்த ஒரு முடிச்சை அவசரத்தில் மாற்றிக் கட்டி, துணி வைக்க மறந்து, யாரையும் கேட்காமல் ஏறிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். "சொல்லாம ஏறிட்டான்" என்று நேர்கோட்டாரும் சொன்னார். அவர் சொன்ன பிறகு யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

நடந்தது வேறு. அந்தத் தட்டைக் கட்டினவர் நேர்கோட்டார். சனிக்கிழமை சாயங்காலம், தூறலில், நனைந்த நார்க்கயிற்றால் கட்டினார். மாப்பிள்ளை அன்றைக்கு மதியமே வீட்டுக்குப் போயிருந்தார். நனைந்த கயிறு கட்டும்போது நன்றாகப் பிடிக்கும், காய்ந்ததும் தளர்ந்துவிடும். இது இந்த வேலையில் அரிச்சுவடி. ஞாயிறு முழுக்கச் சுள்ளென்று வெயில். திங்கட்கிழமை காலையில் அவர் முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. மூங்கிலைப் பிடித்துக் காலைத் தூக்கினார், வலி தாங்க முடியவில்லை. மேல்தட்டுக்குச் செங்கல் ஏற வேண்டும், கொத்தனார் காத்திருக்கிறார். "மாப்ளே, இன்னிக்கு ஒரு நாள் நீ ஏறி மிதிச்சுப் பாத்துடு" என்றார். நனைந்த கயிறு என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். வலியில் மறந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் வாழ்க்கையில் அது ஒன்றைத்தான் மறந்தார், அந்த ஒன்றில் ஒரு மனிதன் போய்விட்டான்.

ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள், விழுந்த மூங்கிலில் ஒட்டிக்கொண்டிருந்த நீலத் துணியை அவர் கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அவர் கை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குப் புத்தி வேலை செய்ததாக அவருக்கே நினைவில்லை. இரண்டு நாள் கழித்துப் பையில் தேடினார். சட்டை சலவைக்குப் போய்த் திரும்பியிருந்தது, துணியைக் காணவில்லை. தண்ணீரோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

அன்று முதல் மாப்பிள்ளை மூங்கிலைத் தட்டுகிற அந்தச் சத்தம் அவரை விடவில்லை.

இந்தக் கதை நடக்கிற நாளிலும் அப்படித்தான். ஆறு மாடி எழும்புகிற ஒரு கட்டடம். உச்சி வேளை. ஆட்களெல்லாம் நிழலில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சாரத்தில் ஒருவரும் இல்லை. காலையில் பெய்த மழை நின்று காற்று வீச ஆரம்பித்திருந்தது. நேர்கோட்டார் மூங்கிலில் முதுகைச் சாய்த்திருந்தார். முதுகெலும்பில் வந்து விழுகிற மாதிரி இரண்டு தட்டல். டொக், டொக்.

எழுந்து மேலே பார்த்தார். ஈரப் பலகையும் வானமும்தான். மற்றவர்கள் எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை, ஒருவர் ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தார். நேர்கோட்டார் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். முதல் தட்டிலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, காய்ந்த கயிற்றால் மறுபடி கட்டினார். மழை பெய்து வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் இப்படித்தான் செய்கிறார். சத்தம் எந்த முடிச்சிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

கீழே மேஸ்திரி புதிதாக வந்த இரண்டு ஆட்களிடம் கையை நீட்டிக் காட்டினார். "பாத்துக்கங்கடா. சொந்த மாப்பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன். அதுக்கப்புறம் எவ்வளவு கவனம் பாரு. சோத்தைக்கூட விட்டுட்டு முடிச்சைப் பாக்குறாரு. இவர் மாதிரி இருந்தா எவனும் விழமாட்டான்."

மாப்பிள்ளை செத்த பிறகு நேர்கோட்டாரின் பெயர் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. அதுதான் கொடுமை.

மறுபடி மழை பிடித்துக்கொண்டதால் மூன்று மணிக்கே வேலையை நிறுத்தினார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது முழங்கால் மறுபடி வீங்கியிருந்தது. தங்கை தையல் கூடத்துக்குப் போயிருந்தாள். அவளும் அவள் மகளும் இப்போது இந்த வீட்டில்தான். மனைவி அடுப்பங்கரையில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். அடுப்பு மேடையில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. மாப்பிள்ளையின் மிச்சத் துணி. நிறம் வைக்கக் கிழித்தது போக இருந்த ஒரு முழத்தைத் தங்கை அடுப்புத் துடைக்கப் போட்டுவிட்டாள். கணவனின் படத்தையும் பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நேர்கோட்டார் அந்த மஞ்சளைப் பார்க்காமல் தண்ணீர் மொண்டு குடிக்கப் பதினொரு மாதமாகப் பழகியிருந்தார்.

"காலை நீட்டுங்க" என்றாள் மனைவி.

நீட்டினார். உப்பு மூட்டையை வைத்து அழுத்தினாள். சூடு சுரீரென்றது.

"மெதுவா..."

"மெதுவா வச்சா உறைக்காது. மாடி மாடியா ஏறினீங்களா?"

"முடிச்சுப் பாத்தேன்."

"யாரு கட்டின முடிச்சு?"

"என்னோடதுதான்."

"உங்க முடிச்சை நீங்களே எத்தனை தடவைதான் பாப்பீங்க?" அவள் தலையை நிமிர்த்தவில்லை. மூட்டையைத் திருப்பி மறுபக்கம் வைத்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் வீங்கியிருந்துச்சு."

"என்னிக்கு?"

"அந்தத் திங்கக்கிழமை. விடியக்காலை நான்தானே ஒத்தடம் குடுத்தேன். வாசப்படி இறங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டீங்க. ஒரு படி, அதுக்கே."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.  அவள் உப்பு ஆறிப் போனதும் எழுந்து உள்ளே போனாள். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் முழங்காலைத் தெரியாதா? இதை ஏன் தான் ஒரு நாளும் யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே காலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டுத் தங்கை மகள் வந்தாள். பன்னிரண்டு வயது. அப்பாவின் கண்ணும் அப்பாவின் நீள விரலும். பையை வைத்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கட்டுரைப் போட்டியில எனக்குத்தான் முதல் பரிசு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு படிக்கணும். தலைப்பு, நல்லவராக வாழ்வது எப்படி."

"அப்படியா கண்ணு, ரொம்ப சந்தோஷம்."

"வீட்டுப் பெரியவர் யாராவது படிச்சுட்டு, இதெல்லாம் உண்மைதான்னு கீழே கையெழுத்துப் போடணுமாம். நீங்கதான் போடணும். உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்."

அதற்குள் தங்கையும் வந்துவிட்டாள். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, "படிடி, நானும் கேக்குறேன்" என்றாள்.

குழந்தை எழுந்து நின்று, மேடையில் நிற்கிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"என் மாமா சாரம் கட்டுகிறார். அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் தினமும் அவரவர் செய்த தவற்றைச் சொன்ன பிறகுதான் சாப்பிடுவோம். தவறு செய்வது பெரிதல்ல, அதை ஒளிப்பதுதான் பெரிது என்று மாமா சொல்வார். தான் கட்டிய சாரத்தில் தானே முதலில் ஏறுவார். என் அப்பாவும் சாரம் கட்டினார். ஆனால் அவர் விளையாட்டுக்காரர். முடிச்சில் துணி வைக்க மறந்துவிட்டார். சோதித்துப் பார்க்காமல் ஏறிவிட்டார். ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அப்பாவே உதாரணம். நான் என் மாமாவைப் போல வாழ்வேன். என் அப்பாவைப் போல வாழமாட்டேன்."

படித்து முடித்துவிட்டுப் பரிசு வாங்கியவளின் பெருமையோடு அவரைப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்றாள் தங்கை. குரல் கல்லாக இருந்தது. "ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு இங்க உக்காந்திருப்பாரு. எதுலயும் விளையாட்டு. எல்லாம் சிரிப்பு. என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனதும் விளையாட்டுத்தான் போல. படிக்கட்டும் அண்ணே. நாலு பேரு கேட்டுத் திருந்தட்டும்."

"மாமா, கையெழுத்து?" பேனாவை நீட்டினாள் குழந்தை.

நேர்கோட்டார் பேனாவை வாங்கினார். தாளை மடியில் வைத்துக்கொண்டார். கீழே ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தாள், அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. பேனா முனையை அதன் மேல் வைத்தார். அப்போது சுவருக்குள்ளிருந்து வந்தது. டொக், டொக்.

"கேட்டுச்சா?" என்றார்.

"என்ன மாமா?"

"ஒன்னுமில்ல. சாப்பிட்டுட்டுப் போடறேன், கண்ணு."

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. செத்தவனின் சொந்த மகள், சொந்தக் கையால் எழுதி, நாளைக்கு ஊர் முன்னால் நின்று, இவர் சத்தியம் செய்து கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அவனை மறுபடி ஒரு தடவை கீழே தள்ளுவாள். அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டான். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

விளக்கேற்றினார்கள். நாலு தட்டு வைத்தாள் மனைவி. சோறு, பருப்பு, கொஞ்சம் கீரை. ஆவி பறந்தது. வெளியே மழை விட்டுக் காற்று அடித்தது. இன்றைக்கு நனைந்த கயிறெல்லாம் நாளைக் காலையில் தளர்ந்திருக்கும் என்று பழக்கதோஷத்தில் ஒரு நினைப்பு ஓடியது.

குழந்தை முதலில் சொன்னாள். "பரிசு கிடைச்சதும் பக்கத்துல உக்காந்திருக்கிறவளைப் பாத்துப் பழிப்புக் காட்டினேன்."

தங்கை சொன்னாள். "இன்னிக்கும் அவரைத் திட்டினேன். செத்தவரைத் திட்டக்கூடாது. திட்டினேன்."

அடுத்தது மனைவி. பருப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "சொல்ல வேண்டியதைச் சொல்லாம இருந்தேன்."

தினமும் அவள் சொல்வது இதுதான். கடைக்காரரிடம் ஏதோ சொல்ல மறந்தாளோ, பக்கத்து வீட்டில் ஏதோ கேட்க மறந்தாளோ என்று அவர் காது கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருந்தது. பதினொரு மாதத்தில் ஒரு நாள்கூட அதற்கு அர்த்தம் தேடவில்லை. தன் பங்குக்குப் பொய்த் தப்புகளைத் தயார் செய்வதிலேயே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. டீக்கடையில் எரிந்து விழுந்தேன், ஆளைக் காக்க வைத்தேன், ஆணியை வீணாக்கினேன். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தை, தினமும் இதையேதான் சொல்றீங்க" என்றாள் குழந்தை. "தெரிஞ்சே ஒரே தப்பைத் தினமும் செய்யலாமா? சொல்லிட்டா முடிஞ்சுபோச்சுல்ல?"

"நான் சொல்லக்கூடாது கண்ணு."

"ஏன்?"

"அது வேற ஒருத்தர் வாயில இருந்து வரணும். நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிடும். அதுவரைக்கும் இது என் தப்பு." அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பருப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

எல்லோரும் அவர் முறைக்காகக் காத்திருந்தார்கள். நேர்கோட்டார் வாயைத் திறந்தார். ஆணியை வீணாக்கினேன் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. நாக்குக்கு அது பழகியிருந்தது. ஆனால் எதிரில் அந்த நீள விரல்கள் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன. சோற்றுக்குக் காத்திருக்கிற குழந்தை பொழுதுபோகாமல் தட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அந்தத் தட்டை நான் கட்டினேன்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை.

"எந்தத் தட்டு மாமா?"

"மூணாவது தட்டு. உங்கப்பன் விழுந்த தட்டு. நான்தான் கட்டினேன். சனிக்கிழமை, தூறல்ல, ஈரக் கயித்துல. நீலத் துணியும் வச்சேன். திங்கக்கிழமை முழங்கால் வலி, என்னால ஏற முடியல. மாப்பிள்ளையை ஏறச் சொன்னது நான். அவன் சொல்லாம ஏறல. நான் சொல்லி ஏறினான். ஈரக் கயிறுன்னு அவன்கிட்ட சொல்லல, மறந்துட்டேன். அவன் விழுந்தப்புறம் துணியை நான்தான் எடுத்து ஒளிச்சேன். அதிகாரிகிட்ட பொய் சொன்னேன். உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். இன்னிவரைக்கும் சொன்னேன். அவன் ஒரு தப்பும் பண்ணல."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஆறு மாடி ஏறினவருக்கு வாங்குகிற மூச்சு.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து நாத்தனாரின் கையில் ஒன்றை வைத்தாள். விரல் நீள நீலத் துணி. துவைத்து மடித்து வைத்திருந்தாள். கயிற்றின் முறுக்கு பதிந்த தடம் மட்டும் போகவில்லை.

"சட்டைப் பையில இருந்துச்சு" என்றாள். "அவரே சொல்லுவாருன்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன். என்னையும் சேத்துத்தான் நீ வெறுக்கணும்."

தங்கை துணியை விரித்துப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.  பிறகு துணியை மடியில் வைத்துவிட்டு எட்டிச் சோற்றுப் பாத்திரத்தை இழுத்தாள். ஒரு கரண்டி சோறு எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள். பருப்பை ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது. கீரையையும் வைத்தாள்.

"சாப்பிடு அண்ணே. இன்னிக்குப் பெரிய தப்பு உன்னோடதுதான். உனக்குத்தான் முதல் சோறு."

"வேணாம்மா."

"உன் சட்டம்தானே? தைரியத்துக்கு மரியாதை. சொன்னவரைத் திட்டக்கூடாது. நல்ல சட்டம் அண்ணே. சாப்பிடு."

அவரால் அந்தச் சோற்றைப் பார்க்க முடியவில்லை. எத்தனை நாள் இதே இடத்தில் உட்கார்ந்து அவள் புருஷன் ஏதாவது ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லிவிட்டு, "எனக்குத்தான் முதல் சோறு, யாரும் போட்டிக்கு வராதீங்க" என்று தட்டை நீட்டியிருக்கிறான். அவர் கை மடியிலேயே கிடந்தது.

குழந்தை தாளை எடுத்து வந்து வைத்துக்கொண்டிருந்தாள். கசக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. "மாமா" என்றாள் மிகச் சின்னக் குரலில். "நீங்க ஏறச் சொன்னப்போ அப்பா என்ன சொன்னாங்க?"

நேர்கோட்டார் கண்ணை மூடினார். பதினொரு மாதமாக அவர் தனியாக வைத்திருந்த வார்த்தை அது. இத்தனை நாளும் வேறு யாருக்கும் அது கிடைக்காமல் செய்திருந்தார்.

"சிரிச்சான்" என்றார். "'என்ன மச்சான், இன்னிக்குச் சட்டத்துக்கு லீவா?'ன்னு கேட்டான். அப்புறம் மூங்கிலை ரெண்டு தட்டுத் தட்டினான். ஏறினான்."

தங்கை சிரித்துவிட்டாள்.

அவளுக்கே தெரியாமல் வந்த சிரிப்பு. அது அப்படியே அவள் புருஷனின் குரல், அவர் கேட்கிற மாதிரியே இருந்தது. பதினொரு மாதமாக அவசரக்காரனாய், பொறுப்பில்லாதவனாய், பெட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த மனிதன் அந்த ஒரு வாக்கியத்தில் எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார். வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது அது அழுகையாக இருந்தது. மகள் அவள் தோளில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

 தட்டில் சோறு ஆறிப்போனது. 

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே" என்றாள்.

"சொல்லும்மா."

"திட்டக்கூடாதுன்னு ஒன்னு வச்சிருக்கியே, அந்தச் சட்டம். அதை எடுத்துடு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். அவர் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வீங்கின காலை மடக்கி, தங்கைக்கு எதிரே ஒழுங்காக உட்கார்ந்துகொண்டார்.

"எடுத்துட்டேன்" என்றார்.

அவள் ஆரம்பித்தாள். அவரை இதுவரை யாரும் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னாள். பதினாறு வருஷத்தையும் பதினொரு மாதத்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டாள். செத்த புருஷனைத் தான் வாய் கூசாமல் திட்டின ஒவ்வொரு திட்டையும் திருப்பிக் கேட்டாள். பக்கத்து வீட்டில் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நேர்கோட்டார் தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.